நான்காவது ஸ்டாப்

என் மாமனார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அறுபத்தெட்டு வயதிலும் தினமும் காலையில் தன் பழைய ரூட்டிலேயே ஓடுவார். ஒவ்வொரு பஸ் ஸ்டாப்பிலும் ஒரு நிமிடம் நிற்பார். மூச்சு வாங்குகிறதா என்று கேட்டுவிட்டால் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"முப்பது வருஷப் பழக்கம் மாப்ள. ஸ்டாப்பைப் பார்த்தா கால் தானா நின்னுடுது."

"இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்று முணுமுணுத்துக்கொண்டே நான்காவது ஸ்டாப்பில் தண்ணீர் பாட்டிலோடு காத்திருப்பார் மாமியார்.

நேற்று ஒரு நாய் துரத்தியதில் தலைதெறிக்க ஓடிய மாமனார், அங்கே நிற்கவே இல்லை. பாட்டிலும் கையுமாக மாமியார் பின்னால் ஓடினார். நாய் பாதியிலேயே சலித்துத் திரும்பிவிட்டது. மாமியார் விடவில்லை. ஏழாவது ஸ்டாப்பில் பிடித்துவிட்டார்.

மாமனார் பெஞ்சில் சாய்ந்து இரைக்க, மாமியார் நின்றபடியே திட்டினார்.

"பஸ் ஓட்டுறப்பவும் இப்படித்தான், கை காட்டினா நிறுத்த மாட்டீங்க. உங்க பஸ்ஸைத் துரத்தித் துரத்தியே வேலைக்குப் போனவ நான். எனக்கா ஓடத் தெரியாது?"

இன்று பாட்டிலோடு நிற்பது நான். மாமியார் ஓடி வந்து குடித்துவிட்டு அடுத்த ஸ்டாப்புக்குப் போயே விட்டார். மாமனாரை இன்னும் காணோம். இரண்டாவது ஸ்டாப்பில் பழக்கம் பிடித்து வைத்திருக்கிறது போல.