உட்காரச் சொன்ன தர்மிளா

தர்மிளாவுக்குக் கோபம் வந்தால் கூட்டுகிற தும்புத்தடிதான் பாடுபடும். பிரதேச செயலகத்துக்கு எதிரே போட்டோக் கொப்பிக் கடை வைத்திருக்கும், அவள் 'நானா' என்று அண்ணன் முறையில் கூப்பிடும் நான், அது சுவரில் மோதுகிற சத்தத்தை வைத்தே உள்ளே ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வேன். நிவித்திகலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லய வீட்டில் பிறந்து, சிங்களப் பாடசாலையில் படித்து, இந்தச் செயலகத்தில் உதவியாளராகச் சேர்ந்தவள். அந்தக் காரியாலயத்தில் தமிழ் பேசத் தெரிந்த ஒரே ஆள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கூட்டுவாள், தேநீர் ஊற்றுவாள், தோட்டத்துச் சனம் வந்தால் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் வேலையை முடித்துக் கொடுப்பாள்.

இரண்டாயிரத்து ஏழில் புதிய செயலாளர் வந்தார். நல்ல மனிதர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 'மக்களே இங்கு எசமானர்கள்' என்று திங்கட்கிழமைதோறும் ஊழியர்களை உறுதிமொழி எடுக்க வைத்தார். கவுண்டரை மறைத்திருந்த கம்பிகளைக் கழற்றினார். மண்டபத்தில் வரிசையாகக் கதிரைகள் போட்டார். வந்தவர் உட்கார வேண்டும், முன்கதிரை காலியானதும் அதற்கு நகர வேண்டும். கதிரைதான் முறை. ஊழியர் எவரும் தமக்குத் தெரிந்தவரை இடையில் நுழைக்கக் கூடாது. காசுக்குக் கைநீட்டிப் பழகிய ஒன்றிரண்டு பேருக்கு முகம் கறுத்தது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம், தர்மிளாவுக்கும்தான்.

அந்த நாட்களில்தான் மூக்காயி வந்தாள். தர்மிளாவின் தோட்டத்திலேயே கொழுந்து பறிப்பவள். மகன் அஜந்தனுக்குக் கொழும்பில் கடை வேலை, ஆனால் அடையாள அட்டை இல்லை. அட்டையில்லாத தமிழ்ப் பையன் சோதனைச் சாவடியில் அகப்பட்டால் என்ன ஆகும் என்று யுத்தம் நடந்த அந்த வருடங்களில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அட்டை எடுக்க முதலில் பிறப்புச் சான்றிதழ் வேண்டும்.

மண்டபம் என் கடைக்கு நேராகத் தெரியும். மூக்காயி செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கதிரை நுனியில் உட்கார்ந்தாள். எழுதுவினைஞர் ஒருவர் கோப்போடு அந்தப் பக்கம் போனார். சட்டென்று எழுந்து சுவரோரம் ஒதுங்கினாள். தோட்டத்தில் துரை நடக்கும்போது யார் உட்கார்ந்திருப்பார்கள்? பின்னால் இருந்தவர் அவள் கதிரைக்கு நகர்ந்துவிட்டார். அவர்மேல் பிழையில்லை, சட்டமே அதுதான். அவள் கடைசிக் கதிரைக்குப் போய் மறுபடி தொடங்கினாள். பிறகு செயலாளரே வந்து எல்லோரையும் நலம் விசாரித்தார். மீண்டும் சுவர். கவுண்டர் மூடும்வரை இதே கூத்து.

"எந்திரிக்காதீங்க அத்தை, முறை போயிரும்" என்று தர்மிளா தேநீர்த் தட்டோடு போகிற போக்கில் கிசுகிசுத்தாளாம்.

"பெரிய மாத்தயா வாறப்ப எப்புடி புள்ள குந்தியிருக்கிறது?"

அன்று மாலை தும்புத்தடி படாதபாடு பட்டது.

அடுத்த வாரம் மூக்காயி அழுதுகொண்டே வந்தாள். அஜந்தனைக் கொழும்பில் பொலிஸார் பிடித்து வைத்திருந்தார்கள். அவன் யார் என்று காட்டச் சான்றிதழைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். தர்மிளா யோசிக்கவே இல்லை. சீருடையோடு பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து மூக்காயியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். செயலாளர் வந்தார். மூக்காயி எழப் பார்த்தாள், தர்மிளா விடவில்லை. நிரந்தரமாகாத ஒரு உதவியாளர் பெரியவருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதை மண்டபமே பார்த்தது. வேலை போனதென்றே நான் நினைத்தேன்.

செயலாளர் நின்றார். தர்மிளா உட்கார்ந்தபடியே சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். அவருடைய முகம் விழுந்துவிட்டது. தானே போய்ச் சான்றிதழை எடுத்துவந்து மூக்காயியின் கையில் கொடுத்தார். அவர் சொன்னதைத் தர்மிளா பூரிப்போடு தமிழில் சொன்னாள்: "இனிமே கவர்மண்டு ஆபீசுல யாருக்கும் நீங்க எந்திரிக்கத் தேவையில்லையாம் அத்தை."

மூக்காயி அதை அப்படியே நம்பினாள். கொழும்பில், மகன் இருந்த பொலிஸ் நிலையத்தில் ஒரு மர வாங்கு இருந்தது. உட்கார்ந்தாள். பெரிய அதிகாரி வந்தபோது எல்லோரும் எழுந்தார்கள். இவள் சான்றிதழை மார்போடு அணைத்தபடி அசையாமல் இருந்தாள். எழுந்தால் முறை போய்விடும் அல்லவா? திமிர் என்று கத்தி, சான்றிதழைப் பார்க்காமலே வெளியே தள்ளினார்கள். பல நாள் கழித்துக் கடை முதலாளிதான் அஜந்தனை மீட்டு வந்தார். தாயைத் தள்ளிவிட்ட அன்று விழுந்த அடியில் அவனுக்கு ஒரு காது மந்தமாகிவிட்டது.

பிறகு அவனுடைய அட்டைக்காக மூக்காயி மறுபடி செயலகத்துக்கு வந்தாள். படியேறி உள்ளே போனவள் சுவரோரம் நின்றாள். செயலாளர் தானே வந்து, "அம்மே, வாடிவென்ன" என்று கதிரையைக் காட்டினார்.

மூக்காயி தர்மிளாவைப் பார்த்தாள். "குந்துறேன் தாயி. எந்த ஆபீசுல குந்தணும், எந்த ஆபீசுல எந்திரிக்கணும்னு ஐயாவ முதல்ல சொல்லச் சொல்லு."

தர்மிளா அதைச் சிங்களத்தில் சொன்னாள். செயலாளர் கதிரையைக் காட்டிய கையை இறக்கினார். மூக்காயி தன் வேலை முடியும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.

மாலையில் தர்மிளா என் கடைக்கு வந்து நின்றாள். முக்காலியை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

"நான்தானே நானா அவங்கள உக்காரச் சொன்னேன்" என்றாள்.