தலைகீழாரின் சிவப்புப் பேனா

கடைசி வரிக்கு அடியில் எஃகு அளவுகோலை வைத்துத்தான் அவர் எந்தப் பக்கத்தையும் தொடங்குவார். கையில் சிவப்புப் பேனாவோடு கீழிருந்து மேலாக வரிவரியாக ஏறுவார். அகராதிப் பதிப்பகத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பிழை திருத்துகிறார். கூட இருப்பவர்கள் வைத்த பெயர் தலைகீழார். "மேலேருந்து படிச்சா அர்த்தத்துல விழுந்துடுவோம் சார். பிழை கம்பி நீட்டிடும்" என்பார்.

வேலையில் இப்படி நிதானம். மகள் விஷயத்தில் மட்டும் வயிற்றில் நெருப்பு. மணிக்கொரு தரம் போன். "சாப்பிட்டியா? ஏன் மூச்சு வாங்குது? ஒண்ணுமில்லம்மா, அப்பாவுக்கு வொர்ரியா இருக்கு." மகளுக்கு இருபத்தாறு வயது என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை போலும்.

அவள் வேலையிடத்துக்குப் பக்கத்தில் தனி அறை பார்த்துவிட்டாள். வாடகைப் பத்திரத்தில் ஜாமீனுக்கு அப்பாவின் கையெழுத்து வேண்டும். அவரோ நான்கு எழுத்துப்பிழைகளைச் சிவப்பில் வட்டமிட்டு, "தப்பும் தவறுமா இருக்கும்மா" என்று பத்திரத்தை ஆபீஸ் இழுப்பறையில் பூட்டிவிட்டார். இன்று காலை மகள் வாசலை மறித்து நின்றாள்.

"சாயங்காலத்துக்குள்ள கையெழுத்து இல்லன்னா ரூம் போயிடும்பா. கழுத்தை நெரிக்காதீங்க."

"பெத்தவன்கிட்டப் பேசுற பேச்சா?" என்று ஆபீஸ் வரும் வரை முணுமுணுத்தார்.

மேசையில் ஆங்கிலச் சொற்களின் வரலாற்று அகராதி காத்திருந்தது. ஒரு சொல்லுக்கு இன்றைய பொருள் மேலே, ஆதிப் பொருள் அடியில். வழக்கம்போல் அடியிலிருந்து ஏறினார். 'குரல்வளையை நெரித்தல்.' அதற்கு மேல், 'நாய் ஆட்டின் தொண்டையைக் கவ்விக் குதறுதல்.' பிறகு, 'ஓயாமல் நச்சரித்தல்.' பிறகு, 'கவலைப்படுதல்.' உச்சியில் கொட்டை எழுத்தில் அந்தச் சொல்: வொர்ரி.

அளவுகோல் கைநழுவித் தரையில் விழுந்தது. பிழையாகத்தான் இருக்கும் என்று மூலப்படியைப் புரட்டினார். அதிலும் அதேதான். அலமாரியிலிருந்து வேறு இரண்டு அகராதிகளை இறக்கினார். அவையும் கைவிட்டன.

"என்ன சார், உடம்புக்கு ஏதாச்சுமா?" பக்கத்து மேசைக்காரர் எழுந்தே விட்டார்.

"நாய் கூட ஒரு தடவைதான் சார் கவ்வுது. நான் மணிக்கொரு தடவை."

மணி நான்கு. போன் செய்கிற நேரம். நீண்ட கை பாதியில் நின்றது. திரும்பி இழுப்பறையைத் திறந்து பத்திரத்தை எடுத்தது. அவர் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.

"சார், நீலப் பேனா இருக்கா?" என்று கையை நீட்டினார்.