தக்கை நகராத படம்

எங்கள் பாடசாலையில் ஆய்வுகூடம் என்று ஒன்று இருந்தது. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று அது சுவரோடு போய்விட்டது. அதற்கு முன்னும் அங்கே பெரிதாக எதுவும் இருந்ததில்லை. சண்டைக் காலத்தில் பற்றரியும் வயரும் பையில் வைத்துக்கொண்டு சோதனைச் சாவடியைக் கடக்க எந்த ஆசிரியைக்குத் துணிவு வரும்? சண்டை முடிந்தபின் புதுக் கட்டடம் தந்தார்கள், கணினிகளும் தந்தார்கள். "இனி எல்லாப் பரிசோதனையும் திரையிலயே செய்யலாம் டீச்சர்" என்றார் பயிற்சி நடத்த வந்த அதிகாரி. எனக்கு நல்ல நிறுத்தற்கடிகாரம் ஒன்று போதும் என்றேன். சிரித்தார். எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஆனாலும் கணினியில் போட அவர் நீட்டிய பரிசோதனைப் பட இறுவட்டை வாங்கிக்கொண்டுதான் வந்தேன். வேறென்ன செய்ய?

திரையில் ஊசல் ஆடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விடும். பிள்ளைகள் ஓவென்று கத்துவார்கள். வந்ததும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தொண்டை வறண்டு, பாடம் முடியும்போது எனக்கே பௌதிகம் வெறுத்துப்போயிருக்கும்.

அப்படியொரு நாளில்தான் அலைகள் பாடம் வந்தது. எங்கள் ஊரில் அந்தப் பாடத்தை எந்த முகத்தோடு நடத்துவது? திரையில் நீல நிறத் தண்ணீர், அதில் மிதக்கும் ஒரு தக்கை. அலை கடந்து போகும். தக்கை ஏறி இறங்கி அதே இடத்தில் நிற்கும்.

"பாத்தீங்களா? அலைதான் போகுது, தண்ணி போகல்ல. சக்தி மட்டும்தான் போகுது" என்றேன்.

"இன்னொருக்கா காட்டுங்க டீச்சர்" என்றாள் முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி. அவளுடைய உம்மாவைக் கடல் கொண்டுபோனது. அடக்கம் செய்ய மையித்துகூடக் கடைசிவரை கிடைக்கவில்லை. காட்டினேன். மறுபடியும் கேட்டாள். இவளாவது கவனிக்கிறாளே என்று எனக்குச் சந்தோஷம்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. "அவ வாப்பாவோட பழைய வீட்டு வளவுல மண் தோண்டுறா டீச்சர்" என்றாள் பக்கத்தில் இருப்பவள்.

பாடசாலை விட்டதும் போனேன். இனி வீடு கட்டக் கூடாது என்று அரசாங்கம் அறிவித்த கடற்கரையோரம் அது. அத்திவாரக் கல்லும் பாழ்பட்ட கிணறும்தான் மிச்சம். பிள்ளையின் வாப்பா இடுப்பளவு குழிக்குள் மண்வெட்டியோடு நின்றார். அவள் கூடையில் மண் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"வாங்க டீச்சர்" என்றார் அவர், தோளில் சால்வையைப் போட்டபடி. "அலை வந்து போனாலும் மிதக்கிறது நிண்ட எடத்துலதான் நிக்குமாமே, நீங்கதான் சொன்னீங்களாம். நாங்க விசரனுகள் மாதிரி ஒலுவில் கரை வரைக்கும் தேடித் திரிஞ்சம். புள்ளட உம்மா அண்டைக்கு இந்தக் கிணத்தடியிலதான் நிண்டவ."

"யா அல்லாஹ்!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"ஒரு எலும்பு கெடச்சாலும் போதும் டீச்சர். தொழுது கபுறுல அடக்கிரலாம். பெருநாளைக்குப் போய் ஸலாம் சொல்ல ஒரு எடம் வேணாமா?"

அந்தப் படத்தை வரைந்தவன் என் கையில் அகப்பட்டிருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன். குழியோரம் மண்ணில் உட்கார்ந்தேன்.

"ஆழக் கடலுக்குத்தான் அந்தப் படம் சரி, மகள்" என்றேன். "கரைக்கு வந்தா அலை உடையும். உடைஞ்சா தண்ணியே ஓடி வரும். எல்லாத்தையும் வாரிக்கிட்டுப் போயிரும்."

"அது படத்துல வரல்லியே டீச்சர்?"

"அந்தப் படத்துல கரையே இல்ல, மகள்."

அவள் கூடையைக் கீழே வைத்தாள். "அப்ப உம்மா எங்க போயிரிப்பா? கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க ஏலாதா?"

"ஏலாது."

வாப்பா குழியிலிருந்து ஏறி வந்து, தோண்டிய மண்ணைத் திரும்பத் தள்ளத் தொடங்கினார். பிள்ளையும் தள்ளினாள். நானும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையால் தள்ளினேன். தோண்டிய மண் முழுதாகத் திரும்ப அடங்குமா? கிணற்றடியில் மேடாக நின்றது. என்ன மாதிரியான மேடு என்று மூன்று பேருக்கும் தெரிந்தது.

என்னால் அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்.

"பரவாயில்ல டீச்சர். இந்த ரெண்டு நாளும் அவ எங்க பக்கத்துலதான் இரிக்கிறா எண்டு நெனச்சிக்கிட்டே தோண்டினம்."