கீறல் போட்ட டம்ளர்

தையல்நாயகி ஓர் அலுமினிய டம்ளரை எட்டு வருஷம் பத்திரமாக வைத்திருந்தாள். பாசத்தால் அல்ல, வஞ்சத்தால்.

1996இல் புற்றுநோய் வந்து அவளுடைய இடது மார்பை எடுத்தார்கள். பிள்ளையார்பாளையத்து நெசவு வீட்டுக்குத் திரும்பியபோது, கணவனின் அண்ணன் மனைவி மணியம்மாள் வாசலிலேயே அந்த டம்ளரை நீட்டினாள். வேறு யாரும் தவறி எடுத்துவிடக் கூடாதென்று ஆணியால் பெருக்கல் குறி வேறு கீறியிருந்தாள்.

“இனிமே இதுலதான் குடிக்கணும். தறியாண்ட வராத. நீ தொட்ட பட்டு கல்யாணப் பொண்ணுக்குப் போவுது. அதுக்கும் ஒட்டிக்கினா?”

பத்து வயதிலிருந்து பட்டு தொட்ட கை அவளுடையது. கணவன் தறியில் போய் உட்கார்ந்துகொண்டான். அந்த மகராசன் அண்ணிக்கு எதிராக என்றைக்கும் எழுந்ததில்லை. மறுவாரமே டம்ளரை மடியில் கட்டிக்கொண்டு வெளியேறினாள்.

வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரியிலேயே வேலை கிடைத்தது. 2004இல் அங்கே டாக்டர் ஸௌம்யா ஓர் ஆராய்ச்சி தொடங்கினார். வெட்டியெடுத்த கட்டியில் ஒரு துண்டு, அதைச் சுற்றிய சதையில் ஒரு துண்டு. இரண்டையும் பத்து நிமிஷத்துக்குள் உறையவைக்கும் திரவ நைட்ரஜன் குடுவையில் போட்டாக வேண்டும். தாமதித்தால் எந்த ஜீன் வேலை செய்தது, எது சும்மா கிடந்தது என்ற தடயமே அழிந்துவிடும். கொண்டுபோவது தையல்நாயகியின் பொறுப்பு.

“கட்டி தனியா வளர்றதில்லம்மா. சுத்தி இருக்கிற செல்லும் மாறிப்போய் அதுக்குத் துணை போறது” என்றார் டாக்டர்.

“எங்க வூட்டப் பாத்துட்டு வந்து சொல்ற மாதிரி இருக்குது டாக்டர்.”

ஆவணியில் ஒருநாள் அறுவை மேஜையில் படுத்திருந்தவள் மணியம்மாள். துண்டுகளை வாங்கிய தையல்நாயகி நடைவழியில் நின்றுவிட்டாள். கெட்டுப் போகட்டுமே, யார் கேட்கப்போகிறார்கள்? ஆறு நிமிஷம் ஓடிவிட்டது. இது கெட்டால் நஷ்டம் டாக்டருக்குத்தான், மணியம்மாளுக்கு ஒரு மயிரும் போகாது. தவிர, சதை என்ன பாவம் செய்தது? பேசியது வாயல்லவா? குடுவைக்குள் போட்டு மூடினாள். வாய்க்கு வேறு வைத்திருந்தாள்.

மூன்றாம் நாள் அந்த டம்ளரில் காப்பியோடு கட்டிலருகே போனாள். மணியம்மாளைப் பார்க்க வீட்டிலிருந்து யாரும் வந்திருக்கவில்லை. கீறலைக் கண்டதும் அவள் முகம் வெளுத்தது.

“பேரப்புள்ளைய என்னாண்ட உட மாட்டேன்றா மருமவ. ஒட்டிக்குமாம்” என்றாள் மெதுவாக. “நீ ஆஸ்பத்திரில இருக்கிறவ, தெரிஞ்சிருக்கும். ஒட்டுமா, நாயகி?”

தையல்நாயகி டம்ளரில் முதலில் தான் ஒரு வாய் குடித்தாள். பிறகு அதை மணியம்மாளின் கையில் வைத்து அவள் விரல்களை மூடினாள்.

“ஒட்டாதுக்கா. அப்பவும் ஒட்டல.”

மணியம்மாள் கடைசிச் சொட்டுவரை குடித்து முடிக்குமட்டும் தையல்நாயகி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.