சாரலில் இழுத்த லாஞ்ச்

மழையில் கிளைடர் பறக்கக் கூடாது. எங்கள் கிளப்பில் எல்லோருக்கும் தெரிந்த விதி இது. ஆனால் தென்காசிக்காரன் எவனும் சாரலை மழைக் கணக்கில் சேர்க்க மாட்டான். குடை எடுக்க மாட்டான், கொடியில் காயும் துணியைக்கூட எடுக்க மாட்டான். அந்த மடத்தனத்தால் நான் ஒரு ஆளைக் கொல்லப் பார்த்தேன்.

ராணுவத்தில் வண்டி மெக்கானிக்காக இருந்து வந்தவன் நான். கிளப்பில் வின்ச் ஓட்டுகிறேன். கிளைடருக்கு எஞ்சின் கிடையாது. மைதானத்தின் கடைசியில் லாரி எஞ்சினும் டிரம்மும் இருக்கும், அதுதான் வின்ச். இரும்புக் கயிற்றால் கிளைடரை இழுத்து மேலே ஏற்றுவது என் வேலை. லாஞ்ச் என்போம். ஆயிரம் அடியில் பைலட் கயிற்றைக் கழற்றிவிடுவார். அதற்கப்புறம் காற்று பாடு, அவர் பாடு.

அன்று குத்துக்கல்வலசைப் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் மூன்றாவது முறையாகத் தனியாகப் பறக்க இருந்தார். குற்றாலத்து மலை தெரியவில்லை. பூத்தூறலாக விழுந்துகொண்டிருந்தது. பயிற்சி கொடுக்கும் கேப்டன் ரேடியோவில் கேட்டார்.

"சுடலை, அங்கன எப்படிவே இருக்கு?"

"வெறும் சாரல் சார். இதுக்கெல்லாம் நிறுத்துனா ஆவணி வரைக்கும் சீட்டுதான் வெளையாடணும்."

டீச்சரின் சிரிப்பு கேட்டது. "றெக்கையத் துண்டு வச்சுத் தொடச்சாச்சு அண்ணாச்சி. இழுங்க."

இழுத்தேன். கிளைடர் ஏறியது, கயிறு கழன்றது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மலைப் பக்கமிருந்து வெள்ளையாக ஒன்று இறங்கி வந்து தென்னைகளை மறைத்தது, ஓடுதளத்தை மறைத்தது. எனக்கு என் வின்ச் டிரம்கூடத் தெரியவில்லை.

இறக்கை நனைந்தால் கிளைடருக்குத் தூக்கும் சக்தி குறையும். கண்ணாடியும் மங்கிவிடும். எஞ்சின் இல்லாததால் இறங்க ஒரே ஒரு வாய்ப்புதான், தவறினால் திரும்ப ஏற முடியாது.

"டீச்சர், ஒடனே எறங்குங்க!" என்று கேப்டன் கத்தினார். வின்ச்சிலிருந்து நானும் என் ரேடியோவில் கத்தினேன்.

"கீழ ஒண்ணும் தெரியல சார். கெழக்க வெயிலடிக்கி. அங்கன போறேன்."

"போகாதீங்க! திரும்பி வர ஒயரம் பத்தாது!"

ஜீப்பை எடுத்து, வழியில் கேப்டனையும் ஏற்றிக்கொண்டு கிழக்குக் கோடிக்கு ஓட்டினேன். கேப்டன் வழியெல்லாம் என்னைத் திட்டினார். "சாரலாம், சாரல்! ஒம்ம மூஞ்சி!" வாங்கிக்கொண்டேன். எனக்கு வேண்டியதுதான்.

மைதானம் முடியும் இடத்தில் தூறலும் முடிந்தது. கோடு போட்டது போல. அதற்கப்பால் கீழப்பாவூர்ப் பக்கம் சுள்ளென்று வெயில். காய்ந்த செம்மண் காட்டுக்கு மேலே நாலைந்து பருந்துகள் வட்டம் போட்டுக்கொண்டிருந்தன. அவற்றோடு வட்டம் போட்டது எங்கள் கிளைடர்.

சத்தமே இல்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் ஏறியது. சூடேறிய தரையிலிருந்து எழும் காற்று தூக்குகிறது என்று எனக்கும் தெரியும், வகுப்பில் கேட்டிருக்கிறேன். தெரிந்து என்ன? பக்கத்தில் மலையளவுக்கு மழை நிற்கிறது, அதன் விளிம்பில் ஒரு பெண்பிள்ளை எஞ்சின் இல்லாமல் பருந்தோடு மேலே மேலே போகிறது. திட்டிக்கொண்டிருந்த கேப்டன் தொப்பியைக் கழற்றிவிட்டார். இருபத்தைந்து நிமிஷம் அண்ணாந்து பார்த்தபடியே நின்றோம்.

சாரல் விட்டதும், வேண்டிய மட்டும் உயரத்தோடு வந்து டீச்சர் சரியாக இறங்கினார்.

"சொன்னா கேக்க மாட்டீங்களா?" என்றார் கேப்டன். குரலில் காரம் இல்லை.

"நீங்க ரெண்டு பேரும் மழைக்குள்ள நின்னீங்க சார். நான் வெளிய பாத்துக்கிட்டிருந்தேன்."

புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்கிறேன். கீழே நிற்கிறவன் இறங்கு என்று கத்துவது பாதி நேரம் அவனுடைய பயம். மேலே இருக்கிறவருக்கு என்ன தெரிகிறது என்று முதலில் கேளுங்கள். அதைவிட முக்கியம், அவரை அந்த நிலைக்கு ஏற்றிவிடாதீர்கள். இப்போது வின்ச் கண்ணாடியில் ஒரு துளி விழுந்தாலும் எஞ்சினை அணைத்துவிடுகிறேன். சாரலுக்குப் பயந்தவன் என்று கிளப்பில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அணைத்தது அணைத்ததுதான்.