கடைசிச் சக்கரத்துக் குரல்

அஸ்மாராவில் ஒரு காப்பிக்கடையில் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவள் லெம்லெம். முப்பத்தொரு வயது. காப்பி சுமார்தான்; கூட்டம் வந்தது அவள் வாய்க்காக. யார் குரலையும் ஒருமுறை கேட்டால் போதும், அப்படியே எடுத்துவிடுவாள். பாதிரியாரின் இருமல், போலீஸ்காரரின் அதட்டல், முதலாளி தன் மனைவியிடம் குழைவது எல்லாம் அவளிடம் உண்டு. போன வருடப் பந்தயத்துக்குப் பிறகு அதை அடியோடு விட்டுவிட்டாள். கேட்டால் "தொண்ட சரியில்ல" என்பாள். ஒரு வருடமாகவா சரியில்லை என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் துக்கத்துக்கு அந்த மரியாதை உண்டு.

அது நெஃபாசித்திலிருந்து மலையேறி அஸ்மாரா வரும் சைக்கிள் பந்தயம், புதிதாக ஓட்டும் பெண்களுக்கானது. கத்துக்குட்டிப் பந்தயம் என்று ஆண்கள் நக்கலடிப்பார்கள். அவர்களில் பாதிப்பேர் அந்த ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வருவார்கள்.

லெம்லெமின் அணியில் நான்கு பேர். தலைவி அக்பெரெத், செகா, லெம்லெம், கடைசியில் ஹிவெத். ஒரு சாண் இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராக ஏறுவார்கள். மலையில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் முன்னால் போகிறவளின் சக்கரத்தில் மோதி எல்லோரும் விழ வேண்டியதுதான். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வளைவிலும் முன்னால் இருப்பவள் "எல்லாரும்?" என்று கத்துவாள். கடைசிச் சக்கரத்துக்காரி "இருக்கேன்" என்பாள். அவள் இருந்தால் எல்லோரும் இருக்கிறார்கள் என்று கணக்கு.

போன வருடம் கள்ளி வளைவில் அக்பெரெத் கத்தியபோது ஹிவெத்திடமிருந்து பதில் வரவில்லை. கொஞ்சம் பின்தங்கியிருப்பாள், வந்துவிடுவாள் என்று லெம்லெம் நினைத்தாள். வேகத்தைக் குறைத்தால் மூன்றாம் இடம் போய்விடும். ஹிவெத்தின் மூக்கால் இழுக்கும் குரலில் அவளே "இருக்கேஏன்" என்றாள். அடுத்த மூன்று வளைவுகளிலும் சொன்னாள்.

ஹிவெத் வந்து சேரவில்லை. "தண்ணித்தொட்டி வளைவு வரைக்கும் பதில் சொன்னா சார்" என்று அக்பெரெத் போலீஸிடம் அழுதாள். அதற்கு மேலேதான் மதியம் முழுக்கத் தேடினார்கள். சாயங்காலம் கீழே, கள்ளி வளைவில், சப்பாத்திக்கள்ளிப் புதருக்குள் ஆடு மேய்ப்பவர் ஒருவர்தான் அவளைப் பார்த்தார். மேலே தேடிக்கொண்டிருந்த மதியத்திலும் உயிர் இருந்திருக்கும் என்றார் மருத்துவர். லெம்லெம் வாயைத் திறக்கவில்லை. ஹிவெத்தின் அம்மா வீட்டுக்குத் துக்கம் காத்த நாற்பது நாளும் போய்க் காப்பி வறுத்தாள், வாயைத் திறக்கவில்லை. திறந்தால் இந்த ஊரில் யார் முகத்தில் விழிப்பது என்ற பயம், வேறொன்றுமில்லை.

இந்த வருடம் வரமாட்டேன் என்று சொல்ல அவளால் முடியவில்லை. சொன்னால் ஏன் என்பார்கள். மூன்று பேராகக் கிளம்பினார்கள். கடைசிச் சக்கரம் அவளுடையது.

பாதி மலையில் பனி இறங்கியது. செகாவின் பின்சக்கரம் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. எங்கோ மேலே ஒரு குரங்கு கத்தி அடங்கியது. கள்ளி வளைவு வந்தது.

"எல்லாரும்?" என்றாள் அக்பெரெத்.

லெம்லெம் வாய் திறப்பதற்குள் அவளுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "இருக்கேஏன்."

செகா திரும்பாமலே கத்தினாள். "அடியே, அறிவிருக்கா உனக்கு? செத்தவ குரல்லயா விளையாடுவ? அதுவும் இந்த எடத்துல!"

"நான் இல்லடி."

"ஆமா, உன் சைக்கிள் பேசுது!"

லெம்லெம் காதைத் தீட்டிக்கொண்டாள். பின்னால் யாருமில்லை, அடுத்த அணி எப்போதோ பின்தங்கிவிட்டது. ஆனாலும் ஒரு சங்கிலி சுற்றும் சத்தம் அவளோடு சேர்ந்தே ஏறியது. அடுத்த வளைவில் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டாள். கடித்த வாயிலிருந்து குரல் வர வழியில்லை.

"எல்லாரும்?"

"இருக்கேஏன்."

அது ஹிவெத்தின் குரலில்லை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஹிவெத் இழுப்பதைவிட அரை மூச்சு அதிகமாக இழுத்தது. போன வருடம் லெம்லெம் இழுத்ததும் அப்படித்தான்.

தண்ணீர்த்தொட்டி வளைவில் அக்பெரெத் சைக்கிளை நிறுத்திவிட்டாள். பந்தயத்தில் அவள் நின்றதே கிடையாது. இறங்கி வந்து லெம்லெமின் முகத்துக்கு நேரே நின்றாள்.

"லெம்லெம், என்னைப் பாரு. அன்னைக்கும் இதே இழுப்புதான். போன வருஷம் இந்த எடத்துல எனக்குப் பதில் சொன்னது யாரு?"

இப்போது விளையாட்டுக்குத்தான் செய்தேன் அக்கா, மன்னித்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொன்னால் இன்றைக்குத் தப்பித்துவிடலாம். அவள் உதட்டில் ரத்தம் கசிந்தது.

"நான்தான் அக்கா," என்றாள். "கள்ளி வளைவுலேர்ந்தே நான்தான்."

செகா சாலையோரம் உட்கார்ந்து வாந்தியெடுத்தாள். பின்தங்கியிருந்த அணி பனிக்குள்ளிருந்து வந்து, இவர்களைக் கடந்து, பனிக்குள்ளேயே போனது. அக்பெரெத் அவர்கள் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை மேலே காட்டினாள்.

"ஏறு. நீ முன்னால போ. நேரா அவ அம்மா வீட்டுக்கு."

லெம்லெம் முன்னால் ஏறினாள். பின்னால் இரண்டு சங்கிலிகள் தொடர்ந்தன. அந்தச் சத்தம் காதில் விழுந்தது. வளைவு வந்தது. வழக்கப்படி கேட்க வேண்டியவள் இப்போது அவள்தான்.

"எல்லாரும்?"

இரண்டு பேரும் பதில் சொல்லவில்லை. அவள் கேட்டது அவர்கள் காதில் விழுந்தது என்பது அவளுக்குத் தெரியும்.

அவர்களுக்கும் பின்னாலிருந்து, அவளுடைய இழுப்பிலேயே, அந்தக் குரல் மட்டும் சொன்னது. "இருக்கேஏன்."