எனக்கில்லாத நோய்

என் மகள் பிளஸ் டூ படிக்கும்போதே வடக்கே ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. பொதுத்தேர்வுக்கு முன்பே கொடுத்துவிடுவார்கள். கட்டணத்திலும் பெரும்பகுதி தள்ளுபடி. ஒரே நிபந்தனை, இடம் கொடுத்தால் கட்டாயம் சேர வேண்டும். அவளும் நாங்களும் கையெழுத்துப் போட்டோம். பள்ளித் தலைமையாசிரியையும் போட வேண்டியிருந்தது. "எங்க ஸ்கூல்ல இதுதான் முதல் தடவை. உங்க பொண்ணை நம்பிப் போடறேன்" என்றார்.

தேர்வு முடிவுக்குப் பிறகு, கவுன்சலிங்கில் சென்னை அரசுக் கல்லூரியில் இடம் வந்தது. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் வேலை பார்க்கும் என் கணவருக்குத் தலைகால் புரியவில்லை. நினைத்தால் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று எனக்கும் அதே ஆசை. மகள் மட்டும், "சைன் போட்டிருக்கோமேப்பா" என்றாள்.

"எல்லாரும் போடறதுதான். வீட்ல யாருக்காவது உடம்பு ரொம்ப முடியலன்னா விட்டுடுவாங்களாம். விசாரிச்சுட்டேன்."

"யாருக்கு முடியல?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார்.

அன்று மாலையே எனக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டதாக மின்னஞ்சல் போயிற்று. மறுநாள் அங்கிருந்து ஒரு பெண் பேசினார். நல்ல தமிழ். "தைரியமா இருங்கம்மா. பொண்ணு அடுத்த வருஷம் சேரட்டும், சீட்டை அப்படியே வச்சிருக்கோம்" என்றார். இப்படிச் சொல்வார்கள் என்று நாங்கள் நினைக்கவே இல்லை. கணவர் எதிரே நின்று வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"ஒரு வருஷத்துல சரியாயிடுமான்னு தெரியலைங்க. அவ பக்கத்துலயே இருக்கணும்" என்று இழுத்து இழுத்துப் பேசினேன். அந்த நோயாளிக் குரல் எனக்கு அவ்வளவு சுலபமாக வந்தது. மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து, மொட்டை மாடியில் துணி உலர்த்திவிட்டு வாளியோடு இறங்கி வந்தேன். வாசலில் தலைமையாசிரியை. பல்கலைக்கழகத்திலிருந்து அவரிடமும் சொல்லியிருக்கிறார்கள். கையில் ஒரு பை சாத்துக்குடி.

"நீங்க ஏன் இதெல்லாம் தூக்கிட்டு ஏறி இறங்கறீங்க?" என்று வாளியை வாங்க வந்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் சொல்லிவிட்டாள். "அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல மிஸ். சென்னையில சீட் கிடைச்சிருக்கு."

அவர் உட்காரவில்லை. "அதையே சொல்லியிருக்கலாமே. நானே பேசியிருப்பேன்" என்றார். பிறகு மகளிடம், "அங்க உனக்குக் குடுத்த சீட்டுக்குக் காத்திருந்த பொண்ணு வேற எங்கயாவது சேர்ந்திருக்கும், இல்லையா?" என்றார். கோபமே இல்லாமல் கேட்டார். சாத்துக்குடியை வைத்துவிட்டுத்தான் போனார். அதை யாரும் தொடவில்லை. அழுகியபின் நான்தான் கொட்டினேன்.

மகளே உண்மையை எழுதி அனுப்பினாள். வருத்தத்தோடு விடுவிக்கிறோம் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. இப்போது சென்னையில் படிக்கிறாள், நன்றாகவே படிக்கிறாள். ஊருக்கு வந்தால் அந்தப் பள்ளி இருக்கும் தெரு வழியாகப் போகமாட்டாள்.

போன மாதம் மார்க்கெட்டில், அதே பள்ளியில் பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண்ணின் அம்மாவைப் பார்த்தேன். "உங்க பொண்ணு மாதிரியே அந்த யுனிவர்சிட்டிக்குப் போடலாம்னு போனோம். இனிமே அதுக்குக் கையெழுத்து போடறதில்லன்னு மேடம் சொல்லிட்டாங்க. ஏன்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமாங்க?" என்று கேட்டார்.

"தெரியலைங்க" என்றேன். கத்தரிக்காயைப் பொறுக்குவதுபோல் குனிந்துகொண்டேன்.